நாற்பது வினாடி அறை

— இன்னொரு தடவை போடு. கதவைத் தட்டுறதுக்குக் கொஞ்சம் முன்னாடியிருந்து.

— மூணு தடவை போட்டாச்சுங்க. விக்கல, திக்கல, வழுக்கிட்டுப் போகுது. இன்னும் என்னத்தைத் தேடுறீங்க?

— விக்கலதான். ஆனா இடது காதுப் பக்கம் ரூம் செத்துப் போச்சு.

— எந்த ரூம்?

— படத்துல அந்த ரிட்டயர்டு வாத்தியார் உக்காந்திருக்கிற ரூம். அதாவது, கதவு தட்டுற வரைக்கும் உயிரோட இருக்கு. டொக் டொக்னு தட்டினதும் செத்துடுது. தட்டி முடிச்சதும் ஒண்ணும் தெரியாத மாதிரி எந்திரிச்சு உக்காருது. என்ன பண்ணினே புலி?

— நான் ஒண்ணும் பண்ணல. ஹெட்போனைச் சரியா மாட்டுங்க.

— பதினஞ்சு வருஷமா இந்த மிக்ஸிங் ரூம்ல உக்காந்து தேஞ்ச காது. எனக்கு ஹெட்போன் மாட்டத் தெரியாதா? கட்டின புருஷன்கிட்டயே மழுப்புறியே.

— புருஷன்கிட்ட யார் மழுப்பினா? கையெழுத்துப் போட வேண்டிய சவுண்ட் மிக்ஸர்கிட்டதான் மழுப்புறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் புருஷன்கிட்ட உண்மையைச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.

— அப்போ உண்மைன்னு ஒண்ணு இருக்கு.

— இருக்கட்டும். முதல்ல ஒரு சோதனை. கண்ணை மூடுங்க.

— பன்னெண்டு மணிக்கு ஃபேக்டரி கார் வந்துடும்னு பறந்துட்டு வந்தியே?

— மணி பத்தரைதான் ஆகுது. மூடுங்கன்னா மூடுங்க. ஒரே சீனை ரெண்டு விதமா வெச்சிருக்கேன். மாத்தி மாத்திப் போடுவேன். எது எதுன்னு சொல்லணும். சரியா?

— பரிட்சையா? போடு.

— இது?

— உயிரோட இருக்கு.

— இது?

— செத்தது.

— இது?

— செத்தது.

— இப்போ இது?

— இதுவும் செத்ததுதான். என்னைக் குழப்புறதுக்காக ஒண்ணையே மூணு தடவை போடுறே. நாலாவதா என்ன போடலாம்னு இப்ப யோசிச்சுட்டு இருக்கே. கட்டை விரலால மவுஸைத் தேய்க்கிறது கேக்குது.

— அய்யோ, போதும். கண்ணைத் திறங்க.

— பாஸா ஃபெயிலா?

— நீங்க மனுஷன்தானா? கேளுங்க, அங்க நான் எடுத்தது எவ்வளவு சின்ன எண்ணு தெரியுமா? அந்தக் கதவுத் தட்டு ஒரு மலைன்னா, இது மலை மேல போற எறும்புகூட இல்ல. எறும்போட கால். பெரிய சத்தத்துக்குப் பக்கத்துல இவ்வளவு சின்னது எந்த மனுஷக் காதுக்கும் கேக்காதுன்னு நாங்க படிச்ச புத்தகம் சொல்லுது. படம் போட்டு விளக்கியிருக்கு.

— புத்தகத்துக்கு ரெண்டு காது இருந்திருக்காது. அதாவது, நான் தட்டும்போது கேக்கல. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு பாரு, அதுக்குள்ள போய்க் கேட்டேன்.

— அந்தச் சந்து மொத்தமே கால் வினாடிதாங்க.

— தாராளமா போதும். ஒரு ரூம்ல ஆள் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்க அதுக்கு மேல எதுக்கு?

— இத்தனை வருஷமா இந்தக் காதுக்குப் பக்கத்துலயா தூங்கிட்டு இருக்கேன்?

— கொஞ்சமா குறட்டை விடுவே. பயப்படாதே, மென்மையாத்தான் இருக்கும். இப்ப சொல்லு. எதை எடுத்தே?

— பின் இடது சேனல். அந்த மூணு தட்டு கேக்கிற நேரம் மட்டும். முழுசா எடுத்துட்டேன்.

— ஏன் புலி? நான் என்ன பாவம் பண்ணினேன்?

— நீங்க ஆறாப் பரப்புறீங்க, நான் ரெண்டா அடக்கறேன். அதுதான் பாவம். கேளுங்க. நீங்க இந்த ரூம்ல முன்னாடி மூணு ஸ்பீக்கர், பின்னாடி ரெண்டு, அடிவயிறு அதிர்றதுக்குன்னு ஒண்ணு, ஆக ஆறை வெச்சுக்கிட்டு ராஜா மாதிரி உக்காந்து மிக்ஸ் பண்றீங்க. என் பெட்டி ஆஸ்பத்திரிக் கட்டில் தலைமாட்டுல மாட்டுற பெட்டி. படுத்திருக்கிறவங்க ஹெட்போன்ல படம் பார்க்கிறதுக்கு. அவங்களுக்கு ஆறு காதா இருக்கு?

— ரெண்டுதான். ஒத்துக்கறேன்.

— அந்த ஆறு சேனலும் பெட்டிக்கு வரும்போது சத்தமா வராது. சுருக்கி மடிச்ச எண்ணாத்தான் வரும். விரிச்சாத்தான் சத்தம். அந்த விரிக்கிறதுதான் இருக்கிறதுலயே பெரிய வேலை. பெட்டியில ஃபேன் கிடையாது. நோயாளி தலைக்குப் பக்கத்துல எதுவும் சுத்தக் கூடாது, சூடாகவும் கூடாது. அதனால சிப்பை ஆமை வேகத்துலதான் ஓட விட்டிருக்காங்க. ஒரே நேரத்துல ரெண்டு விரிப்புக்குத்தான் அதுக்குத் தெம்பு. இழுத்துப் பிடிச்சா இன்னொரு அரை.

— அப்புறம் ஆறு சேனலை எப்படி ஓட்டுறே?

— மடிச்சபடியே கூட்டிடறேன்.

— மடிச்சபடியேவா? சத்தமா ஆகாமலேயா?

— ஆமா. எண்ணா இருக்கும்போதே இடது காதுக்குப் போக வேண்டியது எல்லாத்தையும் ஒண்ணாக் கூட்டறேன். வலது காதுக்குப் போக வேண்டியதை ஒண்ணாக் கூட்டறேன். அப்புறம் ரெண்டே ரெண்டு விரிப்பு. முடிஞ்சது கதை.

— இரு இரு. ஆறு அடுப்புல ஆறு பாத்திரம் வெச்சு சமைச்சு, கடைசியில ரெண்டு பாத்திரத்துல கொட்டறதுக்குப் பதிலா, எல்லாத்தையும் பச்சையாவே ரெண்டு பாத்திரத்துல அள்ளிப் போட்டு அடுப்புல ஏத்தறே. அப்படித்தானே? ருசி கெட்டுடுமே!

— அடுப்புல கெடும். இதுல கெடவே கெடாது. அதுதாங்க அதிசயம். முதல்ல விரிச்சுட்டுக் கூட்டினாலும், கூட்டிட்டு விரிச்சாலும் வர்ற சத்தம் ஒண்ணுதான். கடைசிப் புள்ளி வரைக்கும் ஒண்ணுதான்.

— அதெப்படி? ஒருத்தன் பேசறான், பின்னாடி ஒருத்தி அழறா, தூரத்துல ரயில் போகுது. மூணையும் மாவா பிசைஞ்சுட்டா அப்புறம் எப்படிப் பிரிஞ்சு வரும்?

— பிரியவே வேண்டாமே. அழுகை அழுகையாவே இருக்கு, ரயில் ரயிலாவே இருக்கு. இன்னும் சத்தமாவே பொறக்காத நிலையில கூட்டினாலும், பொறக்கும்போது ஒவ்வொண்ணும் அதது இடத்துல வந்து நிக்குது. ஒண்ணு இன்னொண்ணை மிதிக்கிறதே இல்ல. முதல் தடவை ஓட்டிப் பார்த்தேன். ரெண்டு வழியிலயும் வந்ததைக் கழிச்சுப் பார்த்தேன். பூஜ்யம். வரிசையா பூஜ்யம். பக்கம் பக்கமா பூஜ்யம். எந்திரிச்சுப் போய் ஃபேக்டரி கேன்டீன்ல தனியா உக்காந்துட்டேன்.

— ஏன், பயந்துட்டியா?

— பயம் மாதிரிதான் ஏதோ ஒண்ணு. புத்தகத்துல நூறு தடவை படிச்ச விஷயம்தான். ஆனா நம்ம கையில நடக்கும்போது வேற மாதிரி இருக்குங்க. யாரோ இந்த உலகத்தை ரொம்ப யோசிச்சு, இந்தப் பொண்ணு ஒரு நாள் சிப்பை வெச்சுட்டுத் திண்டாடுவான்னு எனக்காக ஒரு கதவைத் திறந்து வெச்ச மாதிரி. யார்கிட்டப் போய்ச் சொல்றது? 'கூட்டிப் பார்த்தேன், சரியா வந்துச்சு'ன்னு சொன்னா சிரிப்பாங்க. டீ ஆறிப் போற வரைக்கும் உக்காந்திருந்தேன்.

— என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னேனே. போன்ல. நீங்க, 'கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசு, பின்னாடி ஏதோ தட்டு கழுவுற சத்தம் இரையுது'ன்னீங்க.

— அடடா.

— விடுங்க. பழைய கதை.

— அடேயப்பா. இப்ப கேக்கும்போதே எனக்கு என்னமோ பண்ணுது புலி. பொறக்கிறதுக்கு முன்னாடியே கூட்டலாம்! நான் இங்க உக்காந்து ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாக் குளிப்பாட்டி, தலை சீவி, பொட்டு வெச்சு அனுப்பறேன். நீ அதையெல்லாம் கண்ணாலகூடப் பார்க்காம...

— காதால கேக்காம.

— ஆமா, கேக்காம, தொட்டுக்கூடப் பார்க்காம இடம் மாத்தி வெக்கிறே. சரி, அவ்வளவு பெரிய வித்தை கையில இருக்கும்போது இந்தக் கதவுல மட்டும் ஏன் முட்டிக்கிட்டு நிக்குது?

— நீங்கதான் காரணம். சத்தம் சீராப் போனா நீட்டுத் துண்டா வெட்டி மடிப்பாங்க. திடீர்னு டொக்குன்னு ஒண்ணு வந்தா பொடிப் பொடித் துண்டா வெட்டுவாங்க. நீட்டும் நீட்டும் கூட்டலாம். பொடியும் பொடியும் கூட்டலாம். நீட்டையும் பொடியையும் மடிச்சபடி கூட்ட முடியாது. தனியாத்தான் விரிச்சாகணும். முதல்ல எனக்கு இது உறைக்கல. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கூட்டிட்டேன். யாரோ தகர டப்பாவை மாடிப்படியில உருட்டி விட்ட மாதிரி வந்துச்சு உங்க கதவுத் தட்டு.

— நல்லவேளை, நான் அதைக் கேக்கல.

— கேட்டிருந்தா விவாகரத்துதான். இப்ப கேளுங்க. இந்தச் சீன்ல கதவுத் தட்டை நடுவுல வெச்சிருக்கீங்க. எதிரொலியைப் பின் வலதுல வெச்சிருக்கீங்க. ரெண்டும் பொடி. அதுக்கே ரெண்டு விரிப்பு ஆச்சு. முன்னாடி ரெண்டு பக்கமும், அந்த அடிவயிறு ஸ்பீக்கரும் துடைச்சு வெச்ச மாதிரி காலி. பாக்கி யாரு? பின் இடது. அதுல என்ன ஓடுது? ஒண்ணுமே இல்ல. ஆனா அந்த ஒண்ணுமே இல்லாததும் நீட்டுத் துண்டா வந்து, 'என்னையும் விரி'ன்னு நிக்குது. அதுக்காகத் தனியா மூணாவது விரிப்பு. பெட்டி மூச்சு முட்டி நின்னுடுது.

— ஒரு மௌனத்துக்காகவா?

— சிப்புக்கு அலறலும் ஒண்ணுதான், மௌனமும் ஒண்ணுதான். உழைப்பு ஒரே உழைப்பு. மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? 'ஏம்மா மண்டையை உடைச்சுக்கறே, எல்லாப் படத்துலயும் பின்னாடி ரெண்டு சேனலையும் வெட்டித் தள்ளு, எவன் கேக்கப் போறான்'னார். நான்தான் மல்லுக்கட்டி, இந்த மாதிரி இடத்துல மட்டும் ஒரே ஒரு சேனலை எடுக்கறேன், சவுண்ட் பண்ணினவரே கேட்டுக் கையெழுத்துப் போடுவார்னு வாக்குக் கொடுத்துட்டு வந்திருக்கேன். பன்னெண்டு மணிக்கு இது ஃபேக்டரிக்குப் போகுது. எண்ணூறு பெட்டி. உள்ள எழுதி மூடிட்டா மூடினதுதான். திறக்கவே முடியாது.

— நான் போடலேன்னா?

— மேனேஜர் வழிதான். உங்க சீனியர் இருக்காரே, அந்த மொட்டை அண்ணன், அவர் கண்ணை மூடிட்டுப் போடத் தயாரா இருக்காராம்.

— கண்ணையா? அவர் காதையும் சேர்த்து மூடிப்பார்.

— அதனாலதாங்க கெஞ்சறேன். முழுசாப் போறதுக்குப் பதிலா மூணு தட்டு அளவு போகட்டுமே. பேப்பர் இந்தாங்க. பேனா இருக்கா?

— மாட்டேன்.

— என்னங்க!

— அதாவது, எடுக்கணும்னா அந்த டொக் டொக்கை எடுத்துக்கோ. வேணும்னா எதிரொலியை எடுத்துக்கோ, நாலு நாள் உக்காந்து செஞ்சது, பரவாயில்ல. வசனத்தைக்கூட எடுத்துக்கோ. ரூமைத் தொடாதே.

— கதவுத் தட்டை எடுத்துட்டா கதையே புரியாது! கதவு தட்டற சீன்ல கதவு தட்டாம வாத்தியார் எதுக்கு எந்திரிக்கிறார்?

— அது டைரக்டர் பாடு. ரூமைத் தொடாதேன்னா தொடாதே.

— ரெண்டு வருஷமா இதுதான் எனக்குச் சோறு, தூக்கம் எல்லாம். உங்களுக்குத் தெரியும்ல?

— தெரியும். போட மாட்டேன்.

— சரி. அப்போ ரெண்டு வாரமா கேக்க வேண்டாம்னு வெச்சிருந்ததைக் கேட்டுடறேன். எங்கெல்லாம் பெட்டி நிக்கும்னு கண்டுபிடிக்க, பெட்டியில போற உங்க ஒன்பது படத்துலயும் பின்னாடி ஓடற மௌனத்தையெல்லாம் எடுத்து வரிசையா அடுக்கிப் பார்த்தேன். கோர்ட் சீன், கப்பல் சீன், அந்த ஆளில்லாத பங்களா, ஜெயில், லைப்ரரி. எல்லாத்துலயும் அதே மேடு, அதே பள்ளம். ஒன்பது படத்துலயும் ஒரே மௌனம்தான் ஓடுது.

— சோம்பேறித்தனம்தான். ஒண்ணு நல்லா அமைஞ்சுது, அதையே போட்டுப் போட்டு ஓட்டிட்டேன்.

— சோம்பேறியா? ஒரு செருப்புச் சத்தம் சரியா வரலேன்னு பதினேழு ஜோடிச் செருப்பு வாங்கிட்டு வந்தவரா? இன்னும் அந்தப் பரண்ல கிடக்கு. எல்லாமே இடது கால் தேஞ்சது.

— எதை வேணா ஞாபகம் வெச்சுக்கோ.

— சொல்லுங்க. எந்த ரூம் அது?

— ரூம் டோன்னு ஒண்ணு எடுப்போம், உனக்குத் தெரியுமே. ஷூட்டிங்ல ஒரு இடத்துல வேலை முடிஞ்சதும், கலையறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு நிமிஷம் நின்ன இடத்துல அசையாம நிப்பாங்க. நடிகர், லைட்மேன், டீ கொடுக்கிறவர் வரைக்கும். அந்த இடத்தோட மௌனத்தை மட்டும் பதிவு பண்ணுவோம். ஏன் எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு எடுக்கறது இல்லைன்னு ஒரு தடவை நீ கேட்டே.

— நீங்க பதிலே சொல்லல.

— இப்ப சொல்றேன். ஆளே இல்லாத ரூம் வேற, ஆள் பேசாம நிக்கிற ரூம் வேற. உடம்பு சத்தத்தைக் கொஞ்சம் குடிச்சுக்கும். கட்டியிருக்கிற துணி கொஞ்சம் குடிச்சுக்கும். மிச்சம் இருக்கிறதுதான் மௌனம். கேக்கிறவனுக்கு என்னன்னு சொல்லத் தெரியாது. ஆனா முதுகுக்குப் பின்னாடி யாரோ இருக்காங்கன்னு உடம்புக்குத் தெரிஞ்சுடும். அவன் நிம்மதியா உக்காந்து படம் பார்ப்பான். ஆஸ்பத்திரியில தனியாப் படுத்திருக்கிறவனுக்கு அது வேணுமா வேண்டாமா, நீயே சொல்லு.

— வேணும்.

— அப்புறம்?

— அந்த மூணு தட்டுக்கும் வேணும். ஒத்துக்கறேன். ஆனா சிப் ஒத்துக்காதே, நான் என்ன பண்ணட்டும்? இருங்க, கேளுங்க. அந்த ரூம்ல வேற என்னல்லாம் ஓடிட்டு இருந்துச்சு? ஃபேன்?

— நிறுத்திட்டேன்.

— ஜன்னல்?

— சாத்தி, இடுக்குல துண்டு வெச்சு அடைச்சேன்.

— கடிகாரம்?

— கழட்டி, போர்வையில சுத்தி, பெட்டிக்குள்ள வெச்சேன்.

— ஃப்ரிட்ஜ்?

— நம்மகிட்ட அப்ப ஃப்ரிட்ஜ் ஏது?

— நம்மகிட்டயா? நம்ம ரூமா அது? அந்த மாடி ரூமா? அச்சாபீஸ் மேலயா?

— அந்த மாடி ரூம்தான்.

— அப்போ அடியில அந்த மிஷின் ஓடிட்டு இருந்திருக்கும்.

— அதை மட்டும் என்னால நிறுத்த முடியல. தரை வழியா ஏறி வரும், பாதத்துல 'ம்ம்ம்'னு. அது ஒண்ணுதான் அந்த ரூம்ல இருந்த சத்தம். மத்தபடி...

— இருங்க. ஒண்ணுமே இல்லையா? மேல் பக்கம் ஒண்ணுமே இல்லையா? சன்னமா, கீச்சுன்னு, உஸ்ஸுன்னு எதுவும்?

— இருந்தா நான் விட்டிருப்பேனா?

— பேசாதீங்க. ஒரு நிமிஷம் பேசாதீங்க.

— என்ன ஆச்சு?

— பேசாதீங்கன்னா! இதோ பாருங்க, இந்த வரிசையைப் பாருங்க. கீழ, கனத்த சத்தத்துக்குக் கொஞ்சம் எண்ணு, அதுக்கு மேல, சன்னமான சத்தத்துக்கு முழுக்கப் பூஜ்யம். நான் பாத்துட்டுதான் இருந்தேன், ஆனா இது என்னன்னு எனக்குத் தெரியல. சின்ன எண்ணா இருக்கேன்னு மட்டும் பார்த்தேன். இவ்வளவு அடியில மட்டும் இருக்கேன்னு பார்க்கல. பூஜ்யத்தை எதுக்குங்க விரிக்கணும்? அந்த அடி எண்ணை மட்டும் எடுத்து விரிச்சா கால் விரிப்பு போதும். என்கிட்டதான் அரை விரிப்புத் தெம்பு மிச்சம் இருக்கே!

— எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

— உங்க ரூம் ரொம்ப சின்ன ரூம். அதை எடுக்க வேண்டிய அவசியமே இல்ல. அப்படியே உள்ள வெச்சுடலாம். ஒரு மூலையில இடம் இருக்கு.

— நெஜமாவா?

— புரோகிராம்ல நாலு வரிதான் மாத்தணும். இதோ, இது... இது... ஏத்தறேன். அரை நிமிஷம் ஆகும். நீங்க அந்த நாற்காலியை ஆட்டாம இருங்க.

— நான் ஆட்டல. அது உன் கால்.

— ரெண்டு வாரம் முட்டிக்கிட்டேன். ஃபேனை நிறுத்தினவரைக் கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். என்னைக்கோ ஒரு நாள் நீங்க ஜன்னல் இடுக்குல துண்டு வெச்சு அடைச்சிருக்கீங்க. அதனால இன்னைக்கு இந்த சிப்புக்கு மூச்சு விட முடியுது. நெனச்சுப் பார்த்தா தலை சுத்துது.

— அன்னைக்கு நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கா?

— இருங்க, ஏறிடுச்சு. முதல்ல கேளுங்க. மாட்டிக்கோங்க. இதோ, வாத்தியார் உக்காந்திருக்கார். இப்ப தட்டப் போறாங்க. தட்டியாச்சு. ஏங்க, சொல்லித் தொலைங்களேன். நிக்குதா? விக்குதா?

— இருக்கு.

— எது?

— ரூம். தட்டுக்கு நடுவுல இருக்கு. தட்டுக்கு அடியிலயும் இருக்கு. அப்படியே, தரை அதிர்றதோட இருக்கு. புலி, ஒரு தீப்பெட்டி அளவு சிப்புக்குள்ள நம்ம மாடி ரூம் இருக்கு!

— அழாதீங்க. ஹெட்போன் நனைஞ்சா ஸ்டுடியோவுல திட்டுவாங்க.

— பேப்பரைக் கொடு. எங்க போடணும்?

— கீழ, கோட்டுக்கு மேல. இன்னும் நேரம் இருக்கு, மெதுவாப் போடுங்க. அன்னைக்கு நடந்தது எனக்கு ஞாபகம் இருக்கான்னு கேட்டீங்களே.

— ஞாபகம் இருக்காதுன்னு நெனச்சுட்டு இருந்தேன். அதனாலதான் இத்தனை வருஷமா வாயைத் திறக்கல.

— இருக்கு. காலையில பெரிய சண்டை. உலகத்துல இருக்கிற அத்தனை சத்தமும் உங்களுக்குக் கேக்குது, நான் பேசறது மட்டும் கேக்கலேன்னு கத்தினேன். துணியெல்லாம் அள்ளிப் பையில திணிச்சேன். அம்மா வீட்டுக்குக் கிளம்பி வாசப்படிகிட்ட வந்துட்டேன். நீங்க மைக்கை எடுத்துட்டு வந்து நின்னீங்க.

— எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியல. போகாதேன்னு சொல்ல வாய் வரல. 'போறதுன்னா போ, ஒரே ஒரு நிமிஷம் அசையாம நில்லு, நீ இருக்கிற ரூமைப் பதிவு பண்ணிக்கறேன்'னேன்.

— ஃபேனை நிறுத்தினீங்க, துண்டை அடைச்சீங்க, கடிகாரத்தைக் கழட்டினீங்க. நான் பையோட நின்னுட்டே இருக்கேன். இந்த ஆளுக்குப் பைத்தியம்தான்னு நெனச்சேன்.

— ஆனா நின்னே.

— நின்னேன். எல்லாப் படத்துலயும் அது நாப்பது வினாடிதான் இருக்கு. திரும்பத் திரும்ப அதே நாப்பது. நீங்க எடுத்தது ஒரு நிமிஷம். மிச்சம் எங்க?

— மிச்சத்தை எந்தப் படத்துலயும் போடல. அது எனக்கு. நாப்பத்தொண்ணாவது வினாடியில தொப்புன்னு ஒரு சத்தம். நீ பையைக் கீழ வெச்சுட்டே. போக வேண்டாம்னு நீ முடிவு பண்ணின சத்தம் அது. எத்தனையோ வெடி, இடி, மழை எல்லாம் மிக்ஸ் பண்ணிட்டேன். அதை விடப் பெரிய சத்தத்தை நான் கேட்டதில்ல. வெளியூர்ல தனியா இருக்கும்போது அந்த ஒரு தொப்பை மட்டும் போட்டுக் கேட்டுட்டுத் தூங்குவேன்.

— பேனாவைக் கீழ வைங்க.

— ஏன்? கையெழுத்து வேண்டாமா?

— வேணும். ஆனா எதை உள்ள வெச்சு மூடப் போறோம்னு தெரிஞ்சுக்கிட்டுப் போடுங்க. எண்ணூறு பெட்டி. அப்புறம் திறக்க முடியாது.

— என்ன புலி, என்னமோ மாதிரி பேசறே?

— அந்தப் பையை நான் கீழ வைக்கல. துணியை அவ்வளவு திணிச்சிருந்தேன். கைப்பிடி அறுந்து அதுவா விழுந்துச்சு.

— அறுந்துச்சா?

— அறுந்துச்சு.

— அப்போ நீ... போகத்தான் நின்னியா?

— அசையாம நில்லுன்னு சொன்னீங்களே, ஒரு நிமிஷம் ஆச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? கடிகாரத்தையும் பெட்டிக்குள்ள வெச்சுட்டீங்க. மனசுக்குள்ளயே ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டு நின்னேன். அறுபது வந்ததும் படியிறங்கிடணும்னு நெனச்சேன்.

— அப்புறம் ஏன் இறங்கல?

— நாப்பத்தொண்ணுல பை விழுந்துச்சு. எண்ணறதை அங்க விட்டவதான். இன்னும் பத்தொம்பது மிச்சம் இருக்கு.